தாத்தா பெயரில் ஒரு டேட்டா பிளான்

அமெரிக்காவில் 2010-இல் 3ஜி ஐபேட் வாங்கியவர்களில் ஒரு சிறு கூட்டம், டேப்லெட்டை மாற்றினாலும் அதிலிருந்த டேட்டா பிளானை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் கட்டிக் காத்தது. மாதம் 29.99 டாலர், அளவு கிடையாது. விற்பனையில் அந்த பிளான் எப்போதோ ஒழிந்துவிட்டது. புதிதாக யார் போய்க் கேட்டாலும் கிடைக்காது. முன்பே வாங்கி, இடையில் விடாமல் பணம் கட்டி வந்தவருக்கு மட்டும் ஓடும். இப்படிப்பட்டவற்றுக்கு அங்கே வழங்கும் பெயர் ‘கிராண்ட்ஃபாதர்டு பிளான்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘தாத்தாவாக்கப்பட்ட பிளான்’ என்று வரும்.

தாத்தா எங்கிருந்து வந்தார்? பிளானை வாங்கியவர், அனுபவிப்பவர், பணம் கட்டுபவர் எல்லாம் ஒரே ஆள். அவருடைய தாத்தாவுக்கும் அந்த சிம் கார்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ‘பழையது’ என்பதைச் செல்லமாக அப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தாத்தா ஒரு சட்டத்திலிருந்து வந்தவர். ஊர் லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ், ஆண்டு 1898. அந்தக் கதையில் செல்லம் எதுவும் இல்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. 1870-இல் வந்த பதினைந்தாவது அரசமைப்புத் திருத்தம், இனத்தையோ நிறத்தையோ முன்பு அடிமையாக இருந்ததையோ காரணம் காட்டி யாருடைய ஓட்டையும் பறிக்கக் கூடாது என்றது. தென்மாநில வெள்ளை ஆட்சியாளர்கள் கறுப்பர்களைத் தடுத்தே தீர வேண்டும் என்றிருந்தார்கள். ஆனால் ‘கறுப்பர்’ என்ற சொல்லைச் சட்டத்தில் எழுத முடியாது. ஆகவே, ஓட்டுப் போட எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும் என்று லூசியானா எழுதிக்கொண்டது. அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாக இருந்த காலம் போய் ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. விதி எதிர்பார்த்தபடியே வேலை செய்யும். ஒரே தொல்லை, எழுத்தறிவும் சொத்தும் இல்லாத வெள்ளையர்களும் அந்த மாநிலத்தில் ஏராளம்.

அவர்களை மட்டும் தனியே காப்பாற்ற 1898-ஆம் ஆண்டு அரசமைப்பு மாநாட்டில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 1867 ஜனவரி 1 அன்றோ அதற்கு முன்போ ஓட்டுரிமை பெற்றிருந்தவர்கள், அவர்களுடைய மகன்கள், பேரன்கள் ஆகியோர் எழுத்தறிவையும் காட்ட வேண்டாம், சொத்தையும் காட்ட வேண்டாம். அந்த ஆண்டு செப்டம்பர் 1-க்குள் பெயரைப் பதிந்துகொண்டால் போதும், பிறகு ஆயுளுக்கும் கவலையில்லை. குடியேறிக் குடியுரிமை பெற்ற வெளிநாட்டவருக்கும் ஒரு வரி சேர்த்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் இத்தாலியர் ஓட்டு கணிசமாக இருந்தது.

படிக்கும்போது குடும்பப் பாசம்போலத் தோன்றும் அந்தப் பிரிவின் விஷம் முழுக்க அதிலிருந்த தேதியில் இருந்தது. தெற்கே கறுப்பின ஆண்கள் ஓட்டுப் போட வழிசெய்த மறுசீரமைப்புச் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது 1867 மார்ச்சில். மாநாடு தேர்ந்தெடுத்த நாள் அதற்கு இரண்டு மாதம் முந்தியது. அன்று லூசியானாவில் ஓட்டுரிமை உள்ள கறுப்பர் ஒருவரும் இல்லை. எனவே அன்று ஓட்டுரிமை உள்ள தாத்தாவைக் காட்டக்கூடிய கறுப்பின இளைஞனும் இருக்க முடியாது. நிறம் பற்றி ஒரு எழுத்துகூட இல்லாமல் நிறத்தை அளந்துவிட்டார்கள். எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி, புதிய பதிவுச் சட்டம் எல்லாம் சேர்ந்து செய்த வேலையின் விளைவு இது: 1896-இல் லூசியானாவில் பதிவாகியிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர், 1904-இல் 1,342 பேர்.

இங்கே ஒரு விந்தை. லூசியானா சட்டத்தில் ‘தாத்தா’ என்ற சொல்லே கிடையாது. இருப்பது ‘மகன் அல்லது பேரன்’. ஆனால் மக்கள் வாயிலும் பத்திரிகையிலும் அது ‘கிராண்ட்ஃபாதர் கிளாஸ்’, அதாவது ‘தாத்தா விதி’ ஆனது. கொடுப்பவரை வைத்துப் பெயரிட்டார்களே தவிர, பெறுபவரை வைத்து அல்ல. தாத்தா என்றதும் சொத்து, பெயர், பூர்விகம் எல்லாம் நினைவுக்கு வந்துவிடும். பேரன் சும்மா கைநீட்டி வாங்குபவன் என்பது மறைந்துவிடும். இது யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு வைத்த பெயர் என்று நான் நினைக்கவில்லை. எதிர்த்தவர்கள் கேலியாகவும் சொன்னார்கள், ஆதரித்தவர்கள் சாதாரணமாகவும் சொன்னார்கள். நிலைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதே ஏற்பாடு அரசு அலுவலகங்களில் அன்றாடம் புழங்குகிறது. 1.4.2003-க்கு முன் வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம், அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவருக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று வந்தபோது, யாரும் அதற்குத் தாத்தா, பாட்டி என்று உறவுப் பெயர் சூட்டவில்லை. ‘நீங்க 2003-க்கு முன்னாடியா, பின்னாடியா?’ என்று நேரே தேதியைத்தான் கேட்கிறோம். தேதியைச் சொன்னால் தேதி வைத்தது யார் என்ற கேள்வி கூடவே வரும். தாத்தாவைச் சொன்னால் வராது.

லூசியானாவுக்கு முன்பே இதன் பாதிச் சரக்கு வேறிடத்தில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாசச்சூசட்ஸ் மாநிலம் 1857-இல் எழுத்தறிவுத் தகுதி கொண்டுவந்தபோது, அன்று ஏற்கெனவே ஓட்டுரிமை வைத்திருந்தவர்களுக்கும் அறுபது வயதானவர்களுக்கும் விலக்குக் கொடுத்தது. அங்கே குறி அயர்லாந்திலிருந்து வந்து குவிந்தவர்கள். ஆனால் விலக்கு அவரவர் ஆயுளோடு முடிந்தது. பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கவில்லை. லூசியானா புதிதாகச் சேர்த்தது பரம்பரையைத்தான். இந்தக் கணக்கில் பார்த்தால் இன்றைய டேட்டா பிளானுக்கு மாசச்சூசட்ஸ் வழிதான் சொந்தம். அதிலும் அனுபவிப்பவர் தன் பழைய உரிமையைத் தானே தொடர்கிறார், யாரிடமிருந்தும் பெறவில்லை. பெயர் மட்டும் லூசியானாவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

வட கரோலினா 1900-இல் இதை எடுத்துக்கொண்டது. அலபாமா 1901-இல் கொஞ்சம் மாற்றி, போர்களில் சண்டையிட்டவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் என்று எழுதியது. ஓக்லஹோமா 1910-இல் சேர்த்தபோது தேதியை 1866 ஜனவரி 1 ஆக்கி, பதிவுக்குக் கெடு எதுவும் வைக்காமல், என்றென்றைக்கும் செல்லும்படி செய்தது. அதுவே அதற்கு வினையானது. கறுப்பர்களை ஓட்டுப் போடவிடாமல் தடுத்த தேர்தல் அதிகாரிகள் இருவர் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. ‘குவின் எதிர் அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ வழக்கில் 1915 ஜூன் 21 அன்று, ஓக்லஹோமாவின் தாத்தா விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி எட்வர்ட் டக்ளஸ் வைட். லூசியானாக்காரர், உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில் இருந்தவர். அரசுத் தரப்பில் விதிக்கு எதிராக வாதாடிய ஜான் டபிள்யூ. டேவிஸ், பிற்காலத்தில் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஆதரித்து அதே நீதிமன்றத்தில் வாதாடி 1954-இல் தோற்றவர். மனிதர்களை ஒரே வரியில் எழுதிவிட முடியாது என்பதால் இதையும் குறித்து வைக்கிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு ஓக்லஹோமா செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். 1916-இல் ஒரு புதுச் சட்டம்: 1914 தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் எதுவும் செய்ய வேண்டாம், தொடர்ந்து வாக்காளர்கள். மற்றவர்கள் ஏப்ரல் 30 முதல் மே 11 வரை, பன்னிரண்டே நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் ஆயுளுக்கும் ஓட்டில்லை. 1914-இல் யார் ஓட்டுப் போட்டார்கள் என்பதைத் தீர்மானித்தது பழைய தாத்தா விதி. அதாவது ஒழிந்த விதியின் பயனாளிகளை இன்னொரு விதி பாதுகாத்தது. இதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 1939 ஆனது.

அதற்குள் சொல் வேறு தொழிலுக்குப் போய்விட்டது. 1935-இல் அமெரிக்கக் காங்கிரஸ் லாரிப் போக்குவரத்தை உரிமத்துக்குள் கொண்டுவந்தது. புதிதாக லாரி விடுபவர் தன் சேவை தேவை என்று நிரூபித்து உரிமம் வாங்க வேண்டும். 1935 ஜூன் 1 அன்றே பொதுச் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அந்த நிரூபணம் வேண்டாம், ஓட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினால் உரிமம் உண்டு. மூன்றாண்டு கழித்து விமானக் கம்பெனிகளுக்கும் அதேபோல் வந்தது. வக்கீல்களும் லாரி முதலாளிகளும் இதைத் தயக்கமில்லாமல் ‘தாத்தா உரிமை’ என்றார்கள். ஓட்டுச்சாவடியின் கறை சரக்குக் கிடங்குக்குள் வந்ததும் மங்கிப்போனது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெயர்ச்சொல் வினைச்சொல்லும் ஆகிவிட்டது: ஒருவரைப் பழைய விதியிலேயே விட்டுவைப்பது, அவரை ‘தாத்தாவாக்குவது’.

வினையான பிறகு அது எங்கெல்லாம் போனது என்று எழுதினால் கட்டுரை முடியாது. விமான நிலையங்களில் இறங்கும் நேரத்தை ஒதுக்கும்போதும் இதே பெயர்தான். சென்ற பருவத்தில் ஒதுக்கிய நேரத்தில் 80 சதவீதமாவது பயன்படுத்திய கம்பெனிக்கு அடுத்த பருவத்திலும் அது சொந்தம். பேஸ்பாலில் எச்சில் தடவிப் பந்து வீசுவதை 1920-இல் தடைசெய்தபோது, அதையே பிழைப்பாக வைத்திருந்த 17 வீச்சாளர்களை மட்டும் விட்டுவைத்தார்கள். கடைசி ஆளான பர்லி கிரைம்ஸ் 1934 வரை சட்டப்படி எச்சில் தடவினார். அவரைப் பற்றிப் பின்னால் எழுதியவர்கள் எல்லாம் பயன்படுத்துவது இந்தச் சொல்லைத்தான்.

நியூ ஆர்லியன்ஸுக்கே அது திரும்பி வந்ததும் உண்டு. நகரின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் தள்ளுவண்டி வியாபாரத்தை நகராட்சி தடை செய்தது. 1972 ஜனவரி 1-க்கு முன் எட்டு ஆண்டு தொடர்ந்து விற்றவர்களுக்கு மட்டும் விலக்கு. சில ஆண்டுகளே விற்றிருந்த ஒரு பெண் வழக்குப் போட்டார். 1976-இல் உச்ச நீதிமன்றம் நகராட்சி பக்கம் நின்றது. தீர்ப்பில் அந்த விலக்குக்கு நீதிபதிகள் இட்ட பெயர் ‘தாத்தா விதி’. அதே ஊர், அதே ஜனவரி 1, பேச்சு மட்டும் ஹாட்டாக் வண்டியைப் பற்றி.

டேப்லெட்டுக்கு வருவோம். 2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடைக் காட்டிய மேடையிலேயே செல்போன் கம்பெனியான ஏ.டி. அண்டு டி.யின் கட்டணத்தையும் சொன்னார்: 14.99 டாலருக்கு 250 எம்.பி., 29.99 டாலருக்கு அளவில்லாமல். ஒப்பந்தம் கிடையாது. டேப்லெட் திரையிலேயே கிரெடிட் கார்டு எண்ணைப் போட்டுத் தொடங்கலாம், வேண்டாத மாதம் நிறுத்தலாம். விமானத்துக்காகக் காத்திருக்கும் மாதம் வேண்டும், வீட்டிலேயே வைஃபையில் இருக்கும் மாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டுக் கட்டலாம். போன் கம்பெனிகளின் இரண்டு வருட ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டிருந்த மக்களுக்கு இது பெரிய விடுதலை. இந்த வசதிக்காகவே வைஃபை மாடலைவிட 130 டாலர் கூடுதலாகக் கொடுத்து 3ஜி மாடல் வாங்கினார்கள்.

அந்த மாடல் கடைக்கு வந்தது ஏப்ரல் 30. ஜூன் 2 அன்று கம்பெனி அறிவித்தது: 7-ஆம் தேதி முதல் அளவில்லா பிளான் விற்பனையில் இல்லை, இனி 25 டாலருக்கு 2 ஜி.பி. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தொடரலாம். ஆக டேப்லெட்டுக்கான அந்த பிளான் விற்பனையில் இருந்தது ஐந்து வாரத்துக்குச் சற்று மேல்.

பழைய வாடிக்கையாளருக்கு நல்லது செய்ததுபோல இருக்கிறது. செய்தார்கள்தான். ஆனால் எதைச் சொல்லி விற்றார்களோ அது தலைகீழானதைக் கவனிக்க வேண்டும். ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்’ என்று வாங்கியவர் இனி எப்போதும் நிறுத்த முடியாது. பிளான் 30 நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப்படும். ஒருமுறை நிறுத்தினால் திரும்பப் பிடிக்க வழியில்லை. கிரெடிட் கார்டு காலாவதியானால் உடனே புது எண்ணைப் போட வேண்டும். வெளிநாடு போனாலும், டேப்லெட் மேசை இழுப்பறையில் தூங்கினாலும், மாதம் முப்பது டாலர் போய்க்கொண்டே இருக்கும். விட்டுவிட்டுக் கட்டும் சுதந்திரத்துக்காகச் செய்த பிளானை விடாமல் கட்டுவதே உரிமையாகிவிட்டது. கம்பெனிக்கும் இது கசக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாதாமாதம் தவறாமல் வரும் வாடிக்கையாளரை ஒப்பந்தம் போடாமலே பெற்றுவிட்டார்கள்.

போனில் இதே உரிமையை வைத்திருந்தவர்கள் பட்டபாடு தனி. 2011 அக்டோபரில் ஏ.டி. அண்டு டி. அதிகம் பயன்படுத்துபவர்களின் வேகத்தைக் குறைக்கத் தொடங்கியது. மறு ஆண்டு, 3ஜியில் மாதம் 3 ஜி.பி. தாண்டினால் வேகம் விழும் என்று வரம்பு வைத்தது. அளவு கிடையாது என்பது உண்மைதான். இறங்கத்தான் மாட்டேன் என்றது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014-இல் வழக்குத் தொடுத்தது. 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் வேகம் இப்படிக் குறைக்கப்பட்டது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019-இல் 6 கோடி டாலருக்கு சமரசம் ஆனது.

இன்னொரு செல்போன் கம்பெனியான வெரைசன் 2011 ஜூலையில் புதியவர்களுக்கு அளவில்லா பிளானை நிறுத்தியது. மறு ஆண்டு, தள்ளுபடியில் புதுப் போன் எடுத்தால் பழைய பிளான் போய்விடும் என்றது. எனவே பிளானைக் காப்பவர்கள் முழு விலை கொடுத்துப் போன் வாங்கினார்கள். 2015-இல் பழையவர்களுக்கு மட்டும் மாதம் 20 டாலர் ஏற்றினார்கள். 2016-இல் மாதம் 100 ஜி.பி.க்கு மேல் போகும் சிலரைக் கூப்பிட்டு, வேறு பிளானுக்கு மாறுங்கள், இல்லையென்றால் இணைப்புப் போகும் என்றார்கள். போன் சிம்மைக் கழற்றி டேப்லெட்டில் போட்டுக்கொள்ளும் தந்திரம் இந்த ஆட்களிடையே பிரபலம். கேபிள் வராத கிராமப்புறங்களில் வீட்டு இணையமே அந்த ஒரு சிம்தான் என்று இருந்தவர்கள் உண்டு. வெரைசன் 2008-இல் ஏலத்தில் எடுத்த ஒரு அலைவரிசைத் தொகுதிக்கு, வாடிக்கையாளர் எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் தடுக்கக் கூடாது என்ற அரசு நிபந்தனை இருந்தது. அந்த நிபந்தனையின் நிழலில்தான் இவர்கள் பிழைத்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, தாத்தா உரிமை என்ற சொல்லுக்கு எந்தச் சட்ட வலுவும் இல்லை. லாரிக்காரருக்குக் காங்கிரஸ் கொடுத்த உரிமம் இருந்தது. டேட்டா பிளான்காரருக்குக் கம்பெனியின் பொறுமை மட்டும் இருந்தது.

2022 பிப்ரவரியில் ஏ.டி. அண்டு டி. 3ஜி அலையை நிறுத்திவிட்டது. அந்த பிளானோடு விற்ற முதல் ஐபேடுக்கு இனி செல்போன் இணைப்பே கிடையாது. டேப்லெட்டை மாற்றிக்கொண்டே வந்தவர்களிடம் மட்டுமே பிளான் மிஞ்சியிருக்க முடியும்.

சொல்லுக்கும் இப்போது சிக்கல் வந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் மாசச்சூசட்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், க்ளாஸ்டர் நகரில் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிய வழக்கில், இந்தப் பாதுகாப்புக்கு வழக்கமாகச் சொல்லும் பெயர் இனவெறியில் பிறந்தது, ஆகவே அதைப் பயன்படுத்த மாட்டோம் என்று அடிக்குறிப்பில் எழுதியது. 1857-இல் ஐரிஷ்காரர்களை வெளியே நிறுத்திப் பழையவர்களுக்கு விலக்குத் தந்த அதே மாநிலம். பொருளைப் பற்றி நீதிமன்றத்துக்குப் புகார் இல்லை. கட்டடத்துக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பை வேறு சொல்லில் பேசியது. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். டேட்டா போனதையும் ஓட்டுப் போனதையும் ஒரே சொல்லால் பேசுவது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் சொல்லை எடுத்துவிட்டால், தேதி ஒன்றை வைத்து மனிதர்களைப் பிரிக்கலாம் என்று கற்றுக்கொடுத்த ஊரின் முகவரியும் சேர்ந்து போய்விடுகிறது.

மாற்றாகப் பலர் இப்போது எழுதுவது ‘லெகசி’. செல்போன் கம்பெனிகள் பழைய பிளான்களை ‘லெகசி பிளான்’ என்கின்றன. மூதாதையர் விட்டுச்செல்வது என்று பொருள்; இதிலும் கொடுத்தவரைக் காட்டிப் பெறுபவரை மறைக்கும் பழைய வேலை தொடர்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் இதே சொல்லுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. அப்பாவோ தாத்தாவோ படித்த கல்லூரியில் பிள்ளைக்கோ பேரனுக்கோ இடம் கொடுப்பதில் காட்டும் சலுகைக்கு ‘லெகசி அட்மிஷன்’ என்று பெயர். யூத மாணவர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த 1920-களில் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்கள் செய்த ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. கொலராடோ மாநிலம் 2021-இல் தன் அரசுக் கல்லூரிகளில் அதைத் தடை செய்தது.